அக்கா கடையும் சாக்கடையும்

"இனிமே நகராட்சி ஆபீஸ் படியை நான் மிதிக்கிறதா இல்ல. அரசாங்கம் இப்போ என் சட்டைப் பையில இருக்கு. இந்தப் போன்ல எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்குன்னு எவனாவது காட்டுங்க, பாப்போம்!"

மக்கள் வாழ்வை மாற்றும் அறிவிப்புகள் வழக்கமாக மாளிகைகளிலிருந்தும் மேடைகளிலிருந்தும் வெளியாகும். இது வெளியானது ஒரு முடிதிருத்தும் கடையின் சுழல்நாற்காலியிலிருந்து. அறிவித்தவரின் ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் நுரை. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கத்தி நிற்கும்போது இவ்வளவு துணிச்சலாகப் பேசக்கூடியவர் அந்தத் தெருவில் ஒருவர்தான் உண்டு.

"ஆடாம உக்காருய்யா. அரசாங்கம் சட்டைப் பையில இருக்கலாம், காது என் கையில இருக்கு" என்றார் முடிதிருத்துபவர்.

ஆடாமல் உட்கார மறுத்த அந்தப் பெருமகனுக்குத் தெரு வைத்த பேர் நெட்டு. பேரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் வாட்டசாட்டமான ஒரு நெட்டை மனிதரைத் தேடி வருவார்கள். அவர்களுடைய தோளுக்குக் கீழேயிருந்து "யாரைப் பாக்கணும்?" என்று ஒரு குரல் வரும். இன்டர்நெட்டின் பின்பாதியை வெட்டியெடுத்துத் தெரு அவருக்குச் சூட்டியிருந்தது. அவரும் அதை ஒரு பல்கலைக்கழகம் வழங்கிய பட்டம்போல அணிந்துகொண்டு திரிந்தார்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை மறுபடி ஓடவைப்பார். அந்தத் தொழிலிலிருந்துதான் அவருடைய அரசியல் தத்துவமும் பிறந்தது. "பட்டனை அமுக்கினா வரணும். அதுதான் லிஃப்ட். அதுதான் அரசாங்கம்" என்பார்.

"வரலைன்னா?" என்று யாராவது கேட்பார்கள்.

"மறுபடி அமுக்கணும்."

இதைவிடச் சுருக்கமான அரசியல் தத்துவம் இதுவரை எழுதப்படவில்லை.

நகராட்சி "வாசல்" என்ற செயலியை வெளியிட்ட நாளில் நெட்டுவின் தத்துவத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. செயலியைத் திறந்தால் வரிசையாகக் கதவுப் படங்கள். குடிநீருக்கு ஒரு கதவு, குப்பைக்கு ஒரு கதவு, கடை உரிமத்துக்கு ஒரு கதவு. எதற்கும் சேராதவர்களுக்கென்று ஒரு பொதுக் கதவு. கதவைத் தட்டினால் அது கிறீச்சென்ற சத்தத்தோடு திறக்கும். அந்தக் கிறீச்சை யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு பதிவுசெய்திருக்க வேண்டும். தெருவில் முதன்முதலில் கிறீச்சிட்ட போன் நெட்டுவுடையது.

முதல் வெற்றி, முடிதிருத்தும் கடைக்கு எதிரே அணைந்து கிடந்த தெருவிளக்கு. நெட்டு கோரிக்கை போட்டார். மறுநாள் விளக்கு எரிந்தது. ஏணியோடு வந்தவர்கள் அடுத்த தெருவைத் தேடி வழிதவறி வந்தவர்கள் என்பது முடிதிருத்துபவரின் கட்சி. இதில் எது உண்மை என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவின் குறைகள் எல்லாம் நெட்டுவின் விரல் வழியாகத்தான் நகராட்சிக்குப் போயின. கேட்டவர்களுக்கும் போட்டுக் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுத்தார். அவருடைய மனைவி மட்டும் "வீட்டுக் குழாய் ஒரு மாசமா சொட்டுது. அதுக்கு எந்தக் கதவைத் தட்டணும்?" என்று கேட்பாள். அது நகராட்சியின் எல்லைக்குள் வராது என்று நெட்டு சட்டம் பேசுவார்.

இந்த நிலையில்தான் அக்கா கடை வாசலில் குழி திறந்தது.

அக்கா என்பது நெட்டுவின் உடன்பிறந்த அக்கா. தெருமுனையில் லாண்டரி வைத்திருந்தாள். பெரிய சலவை இயந்திரங்கள் இரண்டு, நீள மேசை ஒன்று, நீராவி இஸ்திரிப்பெட்டி ஒன்று, தலைக்கு மேலே கம்பியில் தலையில்லாத மனிதர்கள்போல வரிசையாகத் தொங்கும் சட்டைகள். கடை தொடங்கியபோது தம்பி சத்தமாக "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்துபோனதில், வந்த வாடிக்கையாளர்களும் அக்கா என்றார்கள். பலகை எழுத வந்தவரும் அதையே எழுதிவிட்டார். "அக்கா லாண்டரி" என்று நகராட்சி உரிமத்திலும் பதிந்தது. தெரு அதையும் பாதியாக வெட்டி "அக்கா கடை" ஆக்கிவிட்டது.

அந்தக் கடைப் படிக்கு நேர் கீழே ஓடும் சாக்கடையின் சிமென்ட் மூடி மேல் ஒரு லாரி பின்சக்கரத்தை வைத்தது. மூடி உள்ளே போய்விட்டது. லாரியும் போய்விட்டது. மிஞ்சியது குழியும் அதன் வாசனையும். அக்கா ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, யாரும் வாங்க வராத ஒரு சிவப்புச் சட்டையை அதற்கு மாட்டிவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ உட்கார்ந்து குழிக்குக் காவல் காப்பதுபோல இருக்கும். அப்படியும் ஒரு வக்கீல் அம்மா, துவைத்த கறுப்புக் கோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு காலை உள்ளே விட்டுவிட்டார். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வக்கீலைத்தான் துவைக்க வேண்டியிருந்தது.

"டேய் தம்பி" என்றாள் அக்கா, சட்டைக் காலரைத் தேய்த்தபடி. "வேலைக்குப் போற வழியில நகராட்சியில ஒரு எட்டு நுழைஞ்சு சொல்லிட்டுப் போயேன்டா. எவனாவது விழுந்து காலை உடைச்சுக்கப் போறான்."

நெட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆபீசுக்கா? அக்கா, நீ எந்தக் காலத்துல இருக்க?"

"குழி இருக்கிற காலத்துல."

"இப்ப விரல்கூட வேணாம் அக்கா. வாயால சொன்னாப் போதும், அதுவே எழுதிக்கும். பாரு."

பொதுக் கதவைத் தட்டினார். கிறீச். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, வானொலியில் செய்தி வாசிப்பவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதே கணத்தில் அக்கா இஸ்திரிப்பெட்டியை ஈரச் சட்டையின்மேல் இறக்கினாள். ஸ்ஸ்ஸ் என்று ஆவி கிளம்பியது.

"சாக்கடை தெறந்து கெடக்கு. நாத்தம் தாங்கல. ஜனங்க பயப்படுறாங்க. உடனே வந்து மூடணும்!"

போன் பணிவாக எழுதிக்கொண்டது. கோரிக்கை எந்த இடத்தைப் பற்றியது என்று கேட்டது. குழிக்குத் தனியாக முகவரி கிடையாது என்பதால் நெட்டு கடையின் கதவு எண்ணைக் கொடுத்தார். அனுப்பினார்.

"படிச்சுப் பாத்தியாடா?"

"அது கம்ப்யூட்டர் அக்கா. தப்பு பண்ணாது. தப்பு பண்றது மனுஷன் வேலை."

அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது என்பது இந்தத் தத்துவத்துக்குக் கூடுதல் காரணம்.

நகராட்சி தூங்கியது என்று யாரும் குறை சொல்ல முடியாது. "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று உடனே செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள், நெட்டு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு செய்தி வந்தது: "தாங்கள் கோரியபடி மூடப்பட்டது. மகிழ்ச்சியா? நட்சத்திரம் வழங்குக." எண்ணெய் விரலாலேயே ஐந்து நட்சத்திரத்தையும் வழங்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, மூடியாச்சு!"

"எதைடா?"

"குழியைத்தான்!"

"நான் அது பக்கத்துலதான்டா நிக்கிறேன். கிணறு மாதிரி தெறந்து கெடக்கு."

"நல்லா பாரு அக்கா."

"இதுக்கு மேல நல்லா பாத்தா உள்ள விழுந்துடுவேன்."

நெட்டு நேரில் வந்தார். குழியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பது வரை புரிந்தது. போன் பொய் சொல்லாது. ஆகவே குழியைச் சந்தேகத்தோடு பார்த்தார். முடிதிருத்துபவரும் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆன்லைன்ல மூடியாச்சு" என்று நெட்டு விளக்கினார். "இங்க வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். நம்ம ஏரியா சிக்னல் அப்படி."

"அப்ப ஆன்லைன்ல நடந்து போறவங்க தைரியமாப் போகலாம்னு சொல்லு" என்றார் முடிதிருத்துபவர்.

மறுநாள் காலை நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் உண்மையாகவே வந்தார்கள். ஒருவர் தோளில் நீளமான இரும்புச் சாவி. "பாத்து வாய்யா, குழி இருக்கு" என்று ஒருவரை ஒருவர் அக்கறையாக எச்சரித்தபடி குழியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சுவரோரம் தரையில் இருந்த சின்ன இரும்புத் தட்டைத் தூக்கினார்கள். சாவியை உள்ளே விட்டு மூன்று திருகு. கடைக்குள் இயந்திரங்கள் இரண்டும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றன. அக்கா வெளியே ஓடி வந்தாள்.

"யாருப்பா நீங்க? தண்ணி நின்னுபோச்சே!"

"நாங்கதாம்மா நிறுத்தினோம். மூடின கடைக்கு எதுக்குத் தண்ணி?"

"யாரு மூடினது?"

"ஆபீஸ்லம்மா."

"நான் உள்ள நின்னு துணி தொவைச்சிட்டு இருக்கேன்யா!"

சாவிக்காரர் அக்காவைப் பார்த்தார். திறந்திருந்த கடையைப் பார்த்தார். நுரை அப்பியிருந்த அவளுடைய கைகளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பார்த்தார். "இதுல மூடியாச்சுன்னு இருக்கேம்மா" என்றார், அவளுக்காக வருத்தப்படுகிற குரலில். "பொதுமக்களே கேட்டிருக்காங்க. இருங்க, படிக்கிறேன். 'அக்கா கடை திறந்து கிடக்கு. நாற்றம் தாங்கல. ஜனங்க பயப்படுறாங்க. உடனே வந்து மூடணும்.'"

அக்கா கையிலிருந்த நுரையை உதறினாள்.

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

சாவிக்காரர் கீழே இருந்த போன் நம்பரை வாசித்தார். பாதி வாசிக்கும்போதே மீதியை அக்கா சொல்லி முடித்தாள். தம்பியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

"மேலதிகாரி பார்வைக்கு வருவாரு" என்றார் சாவிக்காரர், கிளம்பும்போது. "அவர் வர்றப்ப கடை பூட்டியிருந்தா உரிமமும் போயிடும். பூட்டிடாதீங்கம்மா." மூடின கடையைப் பூட்டக் கூடாது என்ற இந்த அறிவுரையை அக்கா எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

நெட்டு வந்தபோது அவருக்கு முன்னாலேயே சேதி தெரு முழுக்கப் பரவியிருந்தது.

"அக்கா, சத்தியமா நான் சாக்கடைன்னுதான் சொன்னேன்!"

"அப்புறம் ஏன்டா அக்கா கடைன்னு எழுதியிருக்கு? உனக்கு ரெண்டும் ஒண்ணா?"

நெட்டு அந்தக் கணத்தை மனதில் ஓட்டிப் பார்த்தார். குற்றவாளி மேசைமேல்தான் இருந்தது. இஸ்திரிப்பெட்டி விட்ட "ஸ்ஸ்ஸ்" சாக்கடையின் தலையில் இருந்த "ச"வை விழுங்கிவிட்டது. மிஞ்சியது "ஆக்கடை". அப்படி ஒரு சொல் தமிழில் இல்லாததால், போன் தனக்குத் தெரிந்த மரியாதையான சொல்லை எடுத்து நிரப்பிக்கொண்டது. மொழியியல் அறிஞர்கள் ஒரு மாநாடு கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இது. நெட்டு தனியாளாகக் கண்டுபிடித்தார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்.

ஏனென்றால் இயந்திரங்களுக்குள் ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள் சோப்பு நுரையில் ஊறிக் கிடந்தன. தெருச் சட்டைகளில் வரும் வரும்படி சோப்புக்கும் மின்சாரத்துக்கும்தான் காணும். கடை நிற்பது அந்த விடுதியின் விரிப்புகளின்மேல். அன்று மத்தியானமே விடுதி மேலாளர் போன் செய்தார்.

"அம்மா, உங்க கடை மூடிட்டதா என் போன்ல காட்டுதே?"

"தெறந்துதான் சார் இருக்கு. உள்ளேர்ந்துதான் பேசுறேன்."

"சந்தோஷம். வெள்ளிக்கிழமை காலையில விரிப்பெல்லாம் வந்துடணும்மா. ஆளுங்க வந்து இறங்குறாங்க. இல்லைன்னா நான் வேற இடம் பாக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

அக்கா தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். நெட்டு தன் போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் அக்கா. ஒரே ஒரு பட்டன்."

இந்த முறை எல்லா முன்னெச்சரிக்கையோடும் இறங்கினார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எந்தச் சத்தமும் வராத இடம் வேண்டுமென்று, தான் பழுது பார்க்கும் கட்டடத்தில் ஒரு லிஃப்டுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, இரண்டு தளங்களுக்கு நடுவில் நிறுத்தினார். அங்கே அந்தரத்தில் நின்றபடி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "அது அக்கா கடை இல்ல, சாக்கடை."

போன் எழுதியது: "அது அக்கா கடை இல்ல, அக்கா கடை."

ஒருமுறை கற்றதை உயிருள்ளவரை மறக்காத மாணவன் அது. நெட்டு விரலால் அடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்து, "கடை என்பது தவறு. சாக்கடை என்று திருத்தவும்" என்று அடித்தார். செயலி ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டது: "மூடப்பட்டதை மறுபடியும் திறக்கவா?"

நெட்டுவின் முகம் மலர்ந்தது. மூடிய கடையைத் திறக்கத்தானே இவ்வளவு பாடும்? "ஆம்" என்பதை அழுத்தினார். போதாதென்று பட்டு இன்னொரு முறையும் அழுத்தினார்.

நகராட்சியின் கணக்கில் இப்போது இருந்தது இரண்டே விஷயம். பொருள்: சாக்கடை. வேலை: மறுபடியும் திறக்க.

மறுநாள் கடப்பாறையோடு சாக்கடைப் பிரிவின் ஆட்கள் வந்தார்கள். குழியை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"இது ஏற்கெனவே தெறந்துதானேய்யா இருக்கு?" என்றார் ஒருவர்.

"ஆமா. ஆனா தெறக்கச் சொல்லித்தானே ஆர்டர்?" என்றார் மற்றவர்.

"அப்ப அடுத்ததா இருக்கும்."

கடமை தவறாத அந்த ஊழியர்கள் பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த இன்னொரு மூடியை நெம்பிப் புரட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று இங்கிருந்து கத்தினாள். "பயப்படாதீங்கம்மா, தெறந்தாச்சு" என்று அவர்கள் அங்கிருந்து ஆறுதல் சொன்னார்கள்.

நெட்டுவின் போனில் செய்தி வந்தது: "தாங்கள் கோரியபடி திறக்கப்பட்டது. மகிழ்ச்சியா?"

அக்கா கடை இப்போது தீவாகிவிட்டது. வாசலில் இரு பக்கமும் இரண்டு குழி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குப் பாதை. நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் சிவப்புச் சட்டை எந்தக் குழிக்குக் காவல் காப்பது என்பதில் புதிய சிக்கல். தண்ணீர் வரவில்லை. செயலியில் கடை மூடியிருந்தது. கடையில் கடை திறந்திருந்தது. உரிமத்தில் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

முடிதிருத்துபவர் கையெடுத்துக் கும்பிட்டார். "யோவ் நெட்டு, உனக்குப் புண்ணியமாப் போகும், இனி எதையும் அமுக்கிடாத. அடுத்தது என் கடைதான். இதுக்கு ஆப்புன்னு பேர் வெச்சப்பவே நாம யோசிச்சிருக்கணும்."

நெட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைக்கு ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது, சாக்கடைக்கு இன்னோர் எண்ணை அழுத்தச் சொன்னது, இரண்டையும் அழுத்தியவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டது. செயலிக்குள் "வாசல்தோழி" என்று ஒரு பெண் படம் சிரித்துக்கொண்டிருந்தது. "தண்ணீர் வரவில்லை" என்று அவளிடம் எழுதினார். "அருமை! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினார். முடிதிருத்தும் கடைக் குழாயிலிருந்து அக்கா கடைவரை வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். இரண்டு குழிகளுக்கும் நடுவே கழைக்கூத்தாடிபோல நடந்தார். ஒவ்வொரு வாளியிலும் பாதி வழியிலேயே சிந்தியது. விரிப்பில் இருந்த நுரை குறையவே இல்லை. பிழியப் பிழியப் புதிதாகப் பொங்கியது.

அக்கா திட்டியிருந்தால் நெட்டு தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நானே போய் நகராட்சியில சொல்லிட்டு வந்துடவா?" என்றாள்.

"நீ போனா கடையை யாரு பாத்துக்கிறது? பூட்டியிருந்தா உரிமம் போயிடும்னு சொன்னான்ல."

"அதான் யோசிக்கிறேன். நீ கடையில உக்காந்துக்கோயேன்."

"நான் உக்காந்தா கடை எவ்வளவு நேரம் கடையா இருக்கும்னு தெரியல அக்கா."

அவரே இப்படிச் சொன்னதைக் கேட்டு அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் மறுபடி விரிப்பைப் பிழியத் தொடங்கினாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைடா" என்று மட்டும் சொன்னாள்.

நெட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

"ஒரு லிஃப்ட் மாட்டிக்கிச்சாம். போயிட்டு வந்துடுறேன்."

"எந்த லிஃப்ட்டு?"

"பெரிய லிஃப்ட்டு."

முடிதிருத்தும் கடை வழியாகப் போகாமல் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளம் வெறிச்சோடிக் கிடந்தது. "வாசல் இருக்க வரிசை எதற்கு?" என்று சுவரெங்கும் சுவரொட்டிகள். குறைகேட்கும் பிரிவு மேல்தளத்தில். லிஃப்டின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "பழுது. புகார் அளிக்கப்பட்டது. புகார் மூடப்பட்டது." நெட்டு பழக்க தோஷத்தில் பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு படிக்கட்டைப் பார்த்தார். கருவிப் பை தொடையில் இடிக்க இடிக்க ஏறினார்.

மேலே நீளமான கூடம். சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கடைசியில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதன் முன்னால் ஊரே நிற்பதுபோல ஒரு வரிசை. சன்னலுக்கு மேலே ஒரு பலகை. நெட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "செயலியைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு மட்டும்."

போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கருவிப் பையின் அடியில், திருப்புளிகளுக்குக் கீழே வைத்தார். வரிசையில் தெரிந்த முகம் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் அது வரலையா?" என்று கேட்டார். நெட்டுவுக்கு இருமல் வந்துவிட்டது.

சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் குமாஸ்தா. பக்கத்தில் ஒரு பழைய கறுப்புத் தொலைபேசி. அவர் முறை வந்தது.

"சொல்லுங்க."

"அக்கா கடைங்கம்மா. தண்ணி நிறுத்திட்டாங்க. கடை மூடல, தெறந்துதான் இருக்கு. மூட வேண்டியது சாக்கடை. ஆனா சாக்கடையைத் தெறந்துட்டாங்க, ரெண்டா. உள்ள துணி நுரையோட நிக்குது, நாளைக்குக் குடுக்கணும்..."

குமாஸ்தா கையைத் தூக்கி நிறுத்தினாள். "இதை ஆப்லயே போட்டிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

நெட்டு கருவிப் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"உங்களைப் பாத்தா விவரமானவர் மாதிரி தெரியுது. இந்தச் சன்னல் ஆப்பு தெரியாதவங்களுக்கு மட்டும்தான் சார். தெரியும்னா நான் இங்க எடுக்கக் கூடாது. தெரியுமா, தெரியாதா?"

வரிசை முன்னால் நெருங்கி வந்தது. நெட்டு பலகையைப் பார்த்தார். தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். வாளிப்பிடி பதிந்த சிவப்பு இன்னும் போகவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமா."

"தெரியாதும்மா" என்றார் நெட்டு. "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

குமாஸ்தாவின் முகத்தில் கனிவு வந்தது. "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்றபடி கறுப்புத் தொலைபேசியை எடுத்துச் சுழற்றினாள். "குழாய்ப் பிரிவா? அக்கா கடை தண்ணியை உடனே போய்த் தெறந்து விடுங்க... இல்லய்யா, சாக்கடை இல்ல, அக்கா கடை. கடை... ஆமா, இப்பவே. சாக்கடைப் பிரிவுக்கு நான் தனியா சொல்லிக்கிறேன், நீங்க எதையும் மூடாதீங்க."

பிறகு ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து, "செயலி அறியாதவர்" என்று ஒரு வரி எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

"இங்க ஒரு கையெழுத்து. போடத் தெரியும் இல்ல?"

"அது தெரியும்மா" என்றார் நெட்டு. பேனாவை வாங்கிக்கொண்டார்.